மறு: பைபாஸ் ரேஷியோ: மாற்றுவழியா, புறவழியா?

வணக்கம். ஜெட் இன்ஜின் உறிஞ்சும் காற்றில் ஒரு பகுதி நடுவே எரிகிற பாதைக்குள் போகும், மீதி அதைச் சுற்றிப் போகும். சுற்றிப் போவது உள்ளே போவதைப்போல எத்தனை மடங்கு என்பதுதான் பைபாஸ் ரேஷியோ. அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்பதே நம் பேச்சு.

> 'மாற்றுவழி விகிதம்' போதுமே. படித்ததும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். ஒரு சொல் ஒரே இன்ஜினுக்குப் பொருந்தினால் போதாது. தலைமுறை தலைமுறையாக வந்த விமானங்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள மியூசியம் ஆஃப் ஃப்ளைட் என்ற விமான அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு வரிசையே நிற்கிறது. 2016-இல் திறந்த கூடத்தில் போயிங்கின் முதல் 727, முதல் 737, முதல் 747, அமெரிக்க அதிபர்கள் பறந்த 707, மூன்றாவது 787, கூடவே ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

கான்கார்டின் ஒலிம்பஸ் இன்ஜினில் விசிறியே கிடையாது. உறிஞ்சும் காற்றில் எரிபொருளைக் கலந்து எரித்துப் பின்னால் தள்ளும். விகிதம் 0. 727-இன் ஜேடி8டி இன்ஜினில் ஏறக்குறைய 1, அதாவது உள்ளே ஒரு கிலோ காற்று போனால் சுற்றிலும் ஒரு கிலோ. 747-இன் ஜேடி9டி-யில் கிட்டத்தட்ட 5. அந்த 787-இல் உள்ள ட்ரென்ட் 1000-இல் சுமார் 10. பதினொரு பங்கில் பத்துப் பங்கு போகும் பாதையை 'மாற்றுவழி' என்றால் எப்படி? அதுதானே பிரதான வழி!

'புறவழி' என்றால் இந்தச் சிக்கல் இல்லை. எவ்வளவு காற்று என்று அது சொல்வதில்லை, எந்தப் பக்கமாக என்று மட்டும் சொல்கிறது. புறவழிச்சாலை நமக்குத் தெரிந்ததுதான், விளக்கவும் வேண்டாம். இதய அறுவைக்கும் அதே சொல் வருகிறதே என்றால், வரட்டும். ஆங்கிலத்திலும் அப்படித்தான்.

இன்ஜினைப் பின்னாலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவு. 727-இல் ஒரே குழாய்தான் தெரியும். புறவழிக் காற்றும் சூடான புகையும் உள்ளேயே சேர்ந்து வெளியேறும். 787-இல் வெளியே ரம்பப்பல் விளிம்போடு ஓர் அகன்ற வளையம், அதன் நடுவே சிறிய குழாய். முன்பக்க விசிறியின் விட்டம் 2.85 மீட்டர். கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் எரிபொருள் மிச்சம், இரைச்சலும் குறைவு. அதனால்தான் வாய் இவ்வளவு பெருத்தது.

> 'மிகைபுறவழி', 'குறைபுறவழி' என்று பிரிக்கலாமா?

மிகை என்றால் வேண்டாததும் சேர்ந்தது போல ஒலிக்கிறது. உயர்புறவழி, தாழ்புறவழி என்பேன். கான்கார்டு வகைக்குப் 'புறவழியிலா' இன்ஜின். அங்கே நிற்கும் 707-க்கு இந்த மூன்றில் இரண்டு தேவைப்படும். 1959-இல் புறவழியிலா இன்ஜின்களோடு வந்தது, பிறகு தாழ்புறவழிக்கு மாற்றினார்கள்.

அப்புறம் ஒரு யோசனை. நடுவில் எரிகிற பாதைக்கு 'உள்ளகம்', 'கருவம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். புறவழி இருக்கும்போது 'அகவழி' ஏன் கூடாது? புறவழிக் காற்றை அகவழிக் காற்றால் வகுத்தால் புறவழி விகிதம், வரையறை ஒரே வரியில் முடிகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.