கோபுரச்சங்கா, கொடுமுடிச்சங்கா?

குழுவினருக்கு வணக்கம். விலங்கியல் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். டரிடெல்லா என்றொரு கடல்நத்தை. பிரெஞ்சு விலங்கியலாளர் லமார்க் 1799இல் வைத்த பெயர். லத்தீனில் டுர்ரிஸ் என்றால் கோபுரம். அதன் ஓடு அடியில் அகன்று, சுற்றுச் சுற்றாக ஏறி, ஊசிமுனையில் முடியும். ‘கூம்பு வடிவம்’ என்று போடலாம் என்றால், கோனஸ் நத்தையை முந்தின பக்கத்தில் கூம்புச்சங்கு என்று எழுதியாகிவிட்டது. ‘கோபுர வடிவம்’ சரிதானே?
— கோபியிலிருந்து

அம்மணி, கோபுரம் வடசொல். கோ, புரம் என்று பிரித்துத் தமிழாக்குவோர் உண்டு, நான் ஒப்பவில்லை. ‘கொடுமுடி’ இருக்கக் கடன் எதற்கு? மலையுச்சிக்குப் பெயர். கொடு என்றால் வளைவு. கொடுவாளைப் பாருங்கள், கொடுக்காய்ப்புளியின் சுருளைப் பாருங்கள். வளைந்து வளைந்து ஏறும் முடி! சுந்தரர் பாடிய ஊரே காவிரிக்கரையில் அந்தப் பெயரோடு நிற்கிறது. கூம்பும் சும்மா இல்லை, புறநானூறு 30இல் அது பாய்மரம். அதைத் தனியாக எழுதுகிறேன்.
— கரூரிலிருந்து

ஐயா, ஈரோட்டுப் பிள்ளைகளிடம் ‘கொடுமுடி வடிவம்’ என்றால் எந்த பஸ் என்று கேட்பார்கள். ஆனால் கோபுரத்திலும் சிக்கல் இருக்கிறது. எங்கள் பக்கம் கோபுரம் என்றாலே இப்போது தோட்டத்துக்குள் நிற்கும் உயர்மின் கோபுரம்தான். காற்றாலைக்கும் அதே சொல். அதுவோ ஒரே நெட்டுக் குழாய், அடுக்கே கிடையாது.
— பல்லடத்திலிருந்து

இன்று அந்த நத்தையின் ஓட்டை வகுப்புக்கே கொண்டுபோனேன். ஒரு பெண் அதைக் கையில் வாங்கி, நகத்தால் பள்ளத்தை வழித்துக்கொண்டே போய், “திருகாணிங்க மேடம்” என்றாள். எங்கள் மூவரையும்விட அவள்தான் தேவலை! அப்புறம் அவிநாசி ராஜகோபுரத்தின் படத்தை ஓட்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நிலைக்கு நிலை ஒடுங்குகிறது, நிலைகளுக்கு நடுவே கோடு. இங்கே சுற்றுக்குச் சுற்று ஒடுங்குகிறது, நடுவே பள்ளம். கோட்டை மதில்மேல் நெட்டுக்கு நிற்பதும் லத்தீன்காரனுக்கு டுர்ரிஸ்தான். நம் கோபுரம்தான் இந்த ஓட்டுக்கு நெருக்கம். கம்பிக் கோபுரத்தோடு குழம்பாமல் இருக்கப் படத்தையும் சேர்க்கிறேன், கீழே ‘திருகாணி போல’ என்று ஒரு வரி. கொடுமுடி இந்தத் தடவை இல்லை ஐயா, மன்னிக்கணும்.
— கோபியிலிருந்து

போகட்டும் அம்மணி. மறுபதிப்பு வராமலா போகும்? ‘கோபுரவடிவம்’ என்று சேர்த்தாவது எழுதுங்கள்.
— கரூரிலிருந்து