எந்த கிளாஸ், ஏன்? டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆடியவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, இரண்டு அணிகள் சுட்டுக்கொள்ளும் இந்த ஆன்லைன் விளையாட்டில், மேட்ச் தொடங்கும் முன் ஒன்பது கிளாஸும் (நாம் எடுத்து ஆடும் பாத்திரங்கள்) வரிசையாக வந்து நிற்கும் திரை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த இழை. 'எந்த கிளாஸ் பலமானது' என்ற பழைய சண்டை இங்கே வேண்டாம். 2007-இல் விளையாட்டு வந்த நாளிலிருந்து அந்தச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் முடிந்தபாடில்லை. யாரோடு சேர்ந்து ஆடினீர்கள், எதிரே யார் வந்து நின்றார்கள், அதனால் உங்கள் தேர்வு எப்படி மாறியது? அதைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

டஸ்ட்போல் மேப். நாங்கள் நீல அணி, அதாவது தாக்கும் பக்கம். மூன்றாம் கட்டம், கடைசிப் பாயின்ட், அதாவது காலை வைத்து நின்று பிடிக்க வேண்டிய இடம். அங்கே எதிரணி எஞ்சினியர்கள் சென்ட்ரி (தானாகச் சுடும் துப்பாக்கி) கட்டி ஒருமுறை நிலைகொண்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஆடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பட்டியலைப் பார்த்தேன்: பாதிப் பேர் ஸ்னைப்பர், மிச்சத்தில் பாதி ஸ்பை (வேஷம் போட்டு வந்து முதுகில் குத்துபவர்). ஹெல்த் கொடுக்கும் மெடிக் ஒருவர்கூட இல்லை. 'யாராவது மெடிக் எடுங்கடா' என்று ஒருவர் சாட்டில் விடாமல் கத்திக்கொண்டிருந்தார். கத்தியவரும் ஸ்னைப்பர்தான்.

நான் மெடிக் எடுத்தேன். தியாகம் எல்லாம் இல்லை, எனக்கு அந்த கிளாஸ் பிடிக்கும். ஒரு ஹெவி மட்டும் அந்தச் சந்துக்குள் போய்ப் போய்ச் செத்துக்கொண்டிருந்தார். ஹெல்த் கொடுக்கும் மெடிகன்னை அவர்மேல் வைத்தேன். ஹெவிக்கு 300 ஹெல்த், மெடிக் கூட நின்றால் 450 வரை ஏறும். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், தலையை இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டினார். மைக் கிடையாது, சாட்டில் ஒரு வார்த்தை கிடையாது. அதற்குப் பிறகு நான் எங்கே ஒதுங்கினாலும் எனக்கும் எதிரிக்கும் நடுவில்தான் நின்றார்.

அடிபட்ட ஆளுக்கே விடாமல் ஹெல்த் கொடுத்துக்கொண்டிருந்தால் 40 விநாடியில் ஊபர் (சில விநாடி யாரும் கொல்ல முடியாதபடி காக்கும் சக்தி) நிறையும். நிறைந்ததும் 'தயார்' என்று குரல் கொடுத்தேன். அப்போதுதான் வேடிக்கை. இவ்வளவு நேரம் பின்னால் படுத்திருந்த ஸ்னைப்பர் ஒருவர் அடுத்த ரெஸ்பானில் (செத்து மறுபடி வரும்போது) டெமோமேனாக வந்து என் பக்கத்தில் நின்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே வந்தார். அது சரியான தேர்வும்கூட. ஹெவியை ஊபரில் அனுப்பினால் அவருக்கு உயிர்ச்சேதம் இல்லைதான், ஆனால் சென்ட்ரி குண்டுகள் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும், முன்னேற முடியாது. டெமோமேன் என்றால் மூலையிலிருந்து எட்டு ஸ்டிக்கி குண்டுகளை வீசி வெடித்துவிட்டுப் போகலாம்.

ஹெவி முதலில் உள்ளே போய் அத்தனை சூட்டையும் தன்மேல் வாங்கிச் செத்தார். அந்த இடைவெளியில் நானும் டெமோமேனும் நுழைந்தோம். ஊபர் மொத்தமே 8 விநாடி. இரண்டு சென்ட்ரி போயின. ஆனால் ஊபரில் இருப்பவர் பாயின்ட்டைப் பிடிக்க முடியாது, மற்றவர்கள் காலை வைக்க வேண்டும். வந்தார்கள். மேலும் இரண்டு ஸ்னைப்பர்கள் சோல்ஜராக மாறி வந்தார்கள். பாயின்ட் பாதிக்குமேல் போனது, நேரம் முடிந்தது, தோற்றோம்.

நான் கவனித்தது இவ்வளவுதான். திட்டி யாரும் கிளாஸ் மாறி நான் பார்த்ததில்லை. ஒருவர் மாறி அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தால் மற்றவர்கள் தானாக மாறுகிறார்கள். கத்திய நண்பர் மட்டும் கடைசி வரை ஸ்னைப்பர்.

* * *

ஸ்கவுட். எப்போதும் ஸ்கவுட். 125 ஹெல்த்தான், ஆனால் பாயின்ட்டிலோ கார்ட்டிலோ (தாக்கும் அணி தள்ளிக்கொண்டு போகும் வண்டி) நான் ஒருவன் நின்றால் இரண்டு பேர் கணக்கு. ஓட்டத்தில் என்னைப் பிடிக்க ஆள் கிடையாது. எதிரே மூன்றாம் நிலை சென்ட்ரி இருக்கிறதா? வேறு வழியாகப் போவேன். வேறு வழி இல்லையா? அப்போது மட்டும் டெமோமேன், சென்ட்ரி விழுந்ததும் திரும்பவும் ஸ்கவுட். மேலே சொன்னது அழகான கதைதான் நண்பரே, ஆனால் அந்தக் கடைசிப் பாயின்ட்டில் காலை வைக்க ஆரம்பத்திலிருந்தே இரண்டு ஸ்கவுட் இருந்திருந்தால் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள்.

* * *

நான் எஞ்சினியர். என் கதை இன்னொரு கிளாஸ் எடுத்தவரைப் பற்றியது.

அப்வார்ட் மேப், சிவப்பு அணி, கார்ட்டைத் தடுக்கும் பக்கம். எஞ்சினியர் பிழைப்பு உங்களுக்குத் தெரியும்: கையில் அதிகபட்சம் 200 மெட்டல், சென்ட்ரி வைக்க 130, ஒவ்வொரு நிலை ஏற்றவும் 200. ஆக, மூன்றாம் நிலைக்கு 530 மெட்டல் கொட்ட வேண்டும். இவ்வளவையும் கொட்டி முடித்து ரெஞ்சை இறக்கும் நேரத்தில் ஒரு ஸ்பை வந்தார். முதுகில் ஒரு குத்து, சென்ட்ரி திரும்புவதற்குள் அதன்மேல் சாப்பர், அதாவது கட்டடத்தை முடக்கி அழிக்கும் கருவி. கை தேர்ந்த ஆள். நான் எங்கே கட்டினாலும் வந்தார், என் அணி ஸ்னைப்பர் வேஷம், மெடிக் வேஷம் என்று ஒவ்வொரு முறையும் வேறு முகத்தோடு.

எங்கள் அணியில் ஒரு பைரோ, தீயால் தாக்கும் கிளாஸ். அவர் முன்வரிசையில் நன்றாகத்தான் எரித்துக்கொண்டிருந்தார். என் சென்ட்ரி போகும் செய்தி மேலே ஓடுவதைப் பார்த்திருப்பார் போல, முன்வரிசையை விட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றுகொண்டார். கையில் ஹோம்ரெக்கர் சுத்தியல். தெரியாதவர்களுக்கு: அந்தச் சுத்தியலால் அடித்தால் நம் கட்டடத்தில் ஒட்டிய சாப்பர் கழன்றுவிடும். எஞ்சினியர் செத்துக் கிடந்தாலும் சென்ட்ரி பிழைக்கும்.

அப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே. எங்கள் பக்கம் யார் வந்தாலும் அவர்மேல் ஒரு சிறு தீ. நம் ஆள் என்றால் ஒன்றும் ஆகாது, வேஷம் போட்டவர் என்றால் பற்றிக்கொள்ளும். ஊபரோடு வந்த சோல்ஜரைக்கூட ஏர்பிளாஸ்டால் (காற்றைப் பீய்ச்சி) தள்ளித் தள்ளியே அந்த 8 விநாடியைக் கரைத்தார். ராக்கெட் வந்தால் அனுப்பியவருக்கே திரும்பிப் போனது. இவ்வளவு செய்தும் ஸ்கோர் பட்டியலில் அவர் பெயர் அடிமட்டத்தில் இருந்தது, கில் எண்ணிக்கை அவ்வளவு குறைவு. அவர் இல்லாவிட்டால் அந்த மேட்ச் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

முடிந்ததும் நன்றி சொன்னேன். 'நான் வழக்கமாக ஸ்பைதான் ஆடுவேன். அவர் எந்த மூலையிலிருந்து வருவார் என்று தெரியும்' என்று பதில் வந்தது.

எனக்கு அது பெரிய பாடம். பைரோவின் பலம், பலவீனம் என்று எவ்வளவு படித்தாலும் அந்த மனிதர் அங்கே நின்றதற்குக் காரணம் பைரோ கிளாஸ் இல்லை, அவர் முன்பு ஆடிய ஸ்பை.

* * *

அந்த பைரோ நான் இல்லை, ஆனால் நானும் ஸ்பை ஆள்தான், முழுக்கப் புரிகிறது.

ஸ்பை எடுப்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: எதிரணியில் ஒரே இடத்தில் நிற்பவர்கள் எத்தனை பேர்? எஞ்சினியர், ஸ்னைப்பர், மெடிக்கைக் கூட்டிக்கொண்டு மெதுவாக நகரும் ஹெவி. இவர்கள் இருந்தால் ஸ்பைக்கு வேலை உண்டு. எதிரே ஸ்கவுட்டும் சோல்ஜருமாகக் குதித்துக்கொண்டிருந்தால் கத்தியை வைத்துக்கொண்டு அவர்கள் முதுகைத் துரத்துவது வெட்டி வேலை. அப்புறம், நம் அணியில் ஏற்கெனவே இரண்டு ஸ்பை இருந்தால் மூன்றாவதாகப் போகாதீர்கள். எதிரணி முழுக்க விழித்துக்கொள்ளும், மூன்று பேருக்கும் முதுகு கிடைக்காது.

பேட்வாட்டரில் ஒரு மெடிக்கைச் சந்தித்தேன். இன்றுவரை அப்படி ஓர் ஆளைப் பார்க்கவில்லை. அவர் சில விநாடிக்கு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பார், தாளம் தப்பாமல். அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு இடையில் நுழையலாம் என்று போனால், அன்று பார்த்து அரைத் தாளம் முன்னால் திரும்பி ரம்பத்தால் வெட்டினார். சரி, இவர் முதுகு நமக்கு இல்லை என்று புரிந்தது. ஸ்னைப்பருக்கு மாறினேன். கணக்கு எளிது: சார்ஜ் ஏற்றாத ஹெட்ஷாட் 150 டேமேஜ், மெடிக்கின் ஹெல்த்தும் சரியாக 150. தூரத்திலிருந்து ஒரே சூடு, ஆள் காலி. ஊபர் 90 சதவீதத்தைத் தாண்டியிருக்கும் நேரத்தில் அவரைச் சாய்ப்பதில் கிடைத்த திருப்தி இருக்கிறதே!

ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. மெடிக் தனக்குத்தானே ஹெல்த்தை 150-க்கு மேல் ஏற்றிக்கொள்ள முடியாது, ஆனால் இன்னொரு மெடிக் ஏற்றிவிடலாம். அவர் தன் அணியில் ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைத்து இரண்டாவது மெடிக்காகக் கூட்டிவந்தார். இருவரும் அவ்வப்போது ஒருவரையொருவர் 225-க்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். என் ஹெட்ஷாட் விழுந்தது, அவர் விழவில்லை. என் ஒருவனுக்காக எதிரணி ஓர் ஆளை மாற்றியது என்றால் நான் வேலை செய்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் தேற்றிக்கொண்டேன். அவருக்காக நானும் கிளாஸ் மாறினேன் என்பது வேறு விஷயம்.

* * *

வணக்கம், இப்போதுதான் ஆட ஆரம்பித்திருக்கிறேன். மேலே படித்ததில் பாதி புரிந்தது. ஹெவியில் தொடங்கவா, சோல்ஜரிலா? அப்புறம், ஒரே கிளாஸை மெயினாக வைத்துக்கொள்வது தப்பா?

* * *

சோல்ஜர், சகோ. 200 ஹெல்த், கிட்டத்தட்ட எந்தச் சூழ்நிலையிலும் ஏதாவது ஓர் உபயோகம் இருக்கும். ராக்கெட் ஜம்ப் (ராக்கெட்டைக் காலடியில் சுட்டு எகிறுவது) பழகவே ஒரு காலம் ஆகும், அது பழகினால் மேப்பே வேறு மாதிரி தெரியும். ஹெவியும் கெட்டதில்லை, ஆனால் நடை மெதுவு; தப்பான இடத்தில் நின்றுவிட்டால் திரும்பி வர முடியாது. எங்கே நிற்பது என்று தெரிந்த பிறகு எடுக்க வேண்டிய கிளாஸ் அது.

மெயின் வைத்துக்கொள்வது தப்பில்லை. நான் போட்டி ஆட்டங்களும் ஆடுகிறவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஆறுக்கு ஆறு ஆட்டத்தில் வழக்கமான அணி இப்படி இருக்கும்: இரண்டு ஸ்கவுட், இரண்டு சோல்ஜர், ஒரு டெமோமேன், ஒரு மெடிக். மற்ற ஐந்து கிளாஸும் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. கடைசிப் பாயின்ட்டைக் காக்க வேண்டி வந்தால் ஒரு ஸ்கவுட் சட்டென்று ஹெவியாகவோ எஞ்சினியராகவோ மாறுவார், அலை ஓய்ந்ததும் திரும்புவார். ஊபர் இரண்டு பக்கமும் சமமாக இருந்து யாரும் நகராமல் நிற்கும் நேரத்தில் சோல்ஜர் ஒருவர் ஸ்பையாகவோ ஸ்னைப்பராகவோ போய் மெடிக்கை மட்டும் எடுக்கப் பார்ப்பார். அங்கே கிளாஸ் மாறுவதே ஒரு தாக்குதல். ஒன்பதுக்கு ஒன்பது ஆடும் ஹைலேண்டரில் இது கிடையாது. ஒவ்வொரு கிளாஸிலும் ஒருவர், அவரவர் இடம் அவரவருக்கு. சண்டை இல்லை, மாறும் சுகமும் இல்லை.

இதே மாதிரி இன்னொரு அணி விளையாட்டான ஓவர்வாட்ச் ஆடியவர்களுக்கு இது வேறு வடிவில் பழக்கம். 2016-இல் அது வந்தபோது யார் டேங்க் (முன்னே நின்று அடி வாங்குபவர்), யார் சப்போர்ட் (அணிக்கு உதவுபவர்) என்று அணிக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2019 செப்டம்பரில் ரோல் கியூ வந்தது: இரண்டு டேங்க், இரண்டு டேமேஜ், இரண்டு சப்போர்ட், ஆட்டத்துக்கு முன்பே முடிவு. 2022-இல் ஓவர்வாட்ச் 2 ஐந்து பேர் அணியாகி டேங்க் ஒன்றாகக் குறைந்தது. அணி ஒழுங்காக அமைகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இழையைத் தொடங்கிய நண்பர் சொன்ன காட்சி, படுத்திருந்த ஸ்னைப்பர் எழுந்து டெமோமேனாக வந்து நிற்பது, அந்த ஏற்பாட்டில் நடக்காது. எனக்கு அது இழப்பாகத்தான் படுகிறது.

* * *

இழப்பா? மெடிக்கே இல்லாமல் ஒரு மாலை முழுவதும் தோற்றுவிட்டு வந்தவரிடம் போய்ச் சொல்லுங்கள் சகோ, கும்பிடு போட்டு ரோல் கியூ கேட்பார். டேமேஜ் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் அதிகம், அதனால் ஆட்டத்துக்குக் காத்திருக்கும் அந்த வரிசை நீளம், உண்மைதான். அந்த நீளமே சொல்கிறதே, விட்டால் எல்லாரும் எதை எடுப்பார்கள் என்று.

* * *

இழையைத் தொடங்கியவன் மறுபடி. மேலே நடக்கும் சண்டையில் நான் தலையிடவில்லை, இருவர் சொல்வதும் எனக்கு நடந்திருக்கிறது.

புதிதாக வந்த நண்பருக்கு, யாரும் முதலில் சொல்லித் தராத சில நடைமுறை விஷயங்கள் மட்டும். கிளாஸ் மாற்றும் திரைக்கு விசைப்பலகையில் கமா. ரெஸ்பான் அறைக்குள் இருந்தால் உடனே மாறிவிடுவீர்கள். வெளியே இருக்கும்போது மாற்றினால், அமைப்புகளில் நீங்கள் வைத்திருப்பதைப் பொறுத்து அந்த இடத்திலேயே செத்து விழலாம், அல்லது அடுத்த ரெஸ்பானில் மாறலாம். அந்தத் தேர்வை முதலில் போய்ப் பார்த்து வையுங்கள். மெடிக்காக இருந்து மாறினால் சேர்த்த ஊபர் போய்விடும்; 80 சதவீதத்தில் இருக்கும்போது அணியிடம் சொல்லாமல் மாறாதீர்கள். எஞ்சினியராக இருந்து மாறினால் நீங்கள் கட்டிய சென்ட்ரி, டிஸ்பென்சர், டெலிபோர்ட்டர் (அணியினரை நொடியில் இடம் மாற்றும் வாசல்) எல்லாமே வெடித்துவிடும். அதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். கமாவை அழுத்தும் முன் டெலிபோர்ட்டர் வாசலில் யாராவது வரிசையில் நிற்கிறார்களா என்று ஒரு முறை பாருங்கள்.

அடுத்து யார்? ஸ்னைப்பர் தரப்பிலிருந்து இன்னும் ஒருவர்கூட வரவில்லை.