கையெழுத்துக் கேட்ட அந்த மேசை: வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள் பகிருங்கள்

கடலோரம் (வெள்ளவத்தை)

எனக்கு இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் இரவில் நினைவு வந்தால் நித்திரை போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனி, கணக்குப் பகுதி, ஏழு வருடம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு எச்ஆரிலிருந்து வட்ஸ்அப் செய்தி, "ஒருக்கா மேலே வாங்க" என்று. போனால் மூன்று பேர் இருக்கிறார்கள், மேசையில் ஒரே ஒரு தாள். நானே எழுதியதுபோல் ராஜினாமாக் கடிதம், ஆங்கிலத்தில், சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று. மிச்சம் உங்களுக்கே தெரியும். கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே சேவைச் சான்றிதழ் கையில், போடாவிட்டால் விசாரணை அது இது என்று இழுபடும், வேறு இடத்தில் வேலை கிடைப்பதும் கஷ்டமாகிவிடும்.

என்னை விடாமல் அரிக்கிற விஷயம் அதுவல்ல. கடிதத்தின் மேலே இருந்த திகதி ஒரு மாதத்துக்கு முந்தியது. நான் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகியதுபோல் காட்டுவதற்காகத் தயார்படுத்தியிருக்கிறார்கள். அதை நான் பார்த்தேன். "திகதி பிழையாக இருக்கிறதே மிஸ்" என்று சொல்ல வாயெடுத்தேன், எச்ஆர் மிஸ் பேனையின் மூடியைக் கழற்றி என் பக்கமாக நீட்டினார், நான் வாங்கிப் போட்டுவிட்டேன். கணக்குப் பகுதியில் ஏழு வருடம் இருந்தவள், திகதி பிழையான வவுச்சர் ஒன்றைக்கூட விட்டதில்லை. கீழே இறங்கும்போது என் சாப்பாட்டுப் பெட்டி மேல்மாடி பிரிட்ஜிலேயே இருந்தது, மேலே திரும்பப் போகவிடவில்லை, செக்யூரிட்டி ஐயா எடுத்துவந்து தந்தார். பாவம், அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

வேறு யாருக்காவது இப்படி நடந்ததா? என்ன செய்தீர்கள்?

தெமட்டகொடை அண்ணா

தங்கச்சி, எங்களுக்கும் அதே மேசைதான், ஆனால் நான் போடவில்லை. துணிச்சல் என்று நினைக்காதீர்கள், அன்று கண்ணாடி கொண்டுபோகவில்லை, வாசிக்க முடியவில்லை. "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்குக் கொண்டுவருகிறேன் சேர்" என்றேன். தரமாட்டோம் என்றார்கள். அப்படியென்றால் நானும் போடமாட்டேன் என்று எழும்பி வந்துவிட்டேன்.

அறுபது பேர் வேலை செய்த இடம், ஓடர் குறைந்துவிட்டது என்று பதினான்கு பேரை ஒரே கிழமையில் வெட்டினார்கள். அடுத்த நாள் காலமை கேட்டுக்குப் போனால், செக்யூரிட்டி அறைக் கண்ணாடியின் உள்பக்கம் எங்கள் பதினான்கு பேரின் படங்களையும் ஒட்டிவைத்திருக்கிறார்கள், கள்ளனைத் தேடுகிற மாதிரி. பதினொரு வருடம் நான் அந்தக் கேட்டால் போய்வந்தவன். என் படம் முதல் வரிசையில், அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படம், தலைமுடி முழுக்கக் கறுப்பு.

நாரஹேன்பிட்டிக்குப் போய்த் தொழில் திணைக்களத்தில் எழுதிக் கொடுத்தேன். அங்கேதான் சொன்னார்கள், பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஆட்குறைப்புச் செய்வதென்றால் ஒன்றில் நீ எழுத்தில் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியை முதலிலேயே எழுத்தில் எடுக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் நிறுத்தியதே செல்லாது என்று. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். அதற்குத்தான் இவ்வளவு அவசரமாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது.

நட்டஈட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் இரண்டரை மாதச் சம்பளம், ஆறாம் வருடத்திலிருந்து பதினான்கு வரை வருடத்துக்கு இரண்டு மாதம், அதற்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். எனக்கு 24.5 மாதச் சம்பளம் வந்தது, தவணை தவணையாக. கையெழுத்துப் போட்ட பத்துப் பேருக்கு ஒரு மாதச் சம்பளம்.

புறக்கோட்டை வியாபாரி

எல்லோரும் முதலாளி என்றால் அரக்கன் மாதிரி எழுதுகிறீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். ஒன்பது பேர் வேலை செய்கிற கடை. ஒரு பொடியன் லாச்சிக் காசில் கை வைத்தான், என் கண்ணால் கண்டேன். அன்றைக்கே "நாளையிலிருந்து வராதே" என்றேன். வேறென்ன சொல்வது? நாலு மாதம் கழித்துத் தொழில் நியாயசபையிலிருந்து கடிதம் வருகிறது.

அங்கே நடந்ததுதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. முறைப்பாடு செய்தவன் அவன், ஆனால் முதலில் சாட்சி சொல்லச் சொன்னது என்னை. வேலையை விட்டு நிறுத்தியதை ஒத்துக்கொண்டால், நிறுத்தியது நியாயம் என்று காட்ட வேண்டியது நீங்கள்தானாம். "அவனிடம் விளக்கம் கேட்டு எழுதிய கடிதம் எங்கே?" இல்லை. "விசாரித்த குறிப்பு?" இல்லை. "எவ்வளவு காசு குறைந்தது?" அந்த நாள் கணக்குப் புத்தகத்தில் நான் குறைந்த காசை எழுதவேயில்லை, என் பையிலிருந்து போட்டு நிரப்பிவிட்டேன். பொடியன் என்னை நேரே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று மாதச் சம்பளம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். பதினைந்து பேருக்குக் குறைந்த கடைக்குச் சட்டம் இல்லை என்று ஒரு அக்கவுண்டன் சொன்னதை நம்பியிருந்தேன்.

கடலோரம் தங்கச்சிக்கும் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். படித்த பிள்ளை, வாசித்து, திகதி பிழை என்றும் கண்டு, பிறகும் கையெழுத்து வைத்தால் மற்றவர்கள் என்ன செய்வது?

பழைய எச்ஆர்

வியாபாரி அண்ணா, கடைசி வரியை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. மூன்று பேர் சுற்றியிருந்து, மாதக் கடைசியில் வாடகை கட்ட வேண்டிய ஒருவரிடம் பேனையை நீட்டினால் அது சம்மதமா? நான் பன்னிரண்டு வருடம் அந்த மேசையின் மறுபக்கத்தில் இருந்தவள். அந்தக் கடிதங்களை டைப் பண்ணியது நான். ஒரு முறை ஒரு அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, "நன்றி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு மாதம்தான் அந்த வேலையில் இருந்தேன். என் கதை அவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், யாருக்காவது உதவும்.

முதலில் இந்தப் பதினைந்து பேர்க் குழப்பம். அந்த எண்ணிக்கை 1971 சட்டத்துக்கும் பணிக்கொடைச் சட்டத்துக்கும்தான். தொழில் நியாயசபை 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் வருவது, அங்கே இரண்டு பேர் வேலை செய்கிற கடையாக இருந்தாலும் போகலாம். 1971 சட்டத்தின் பாதுகாப்புக் கிடைக்கப் பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும், அதுவும் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாத நிறுத்தத்துக்குத்தான். ஒழுக்காற்று என்று சொல்லி நிறுத்தினால், காரணத்தை எழுத்தில் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் தர வேண்டும். களவு, ஒழுங்கீனம் என்றால் நியாயசபைதான் இடம். அங்கே வெறும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை, எது நீதியும் ஒப்புரவும் என்று பார்க்கிறார்கள், திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லலாம், நட்டஈடும் கொடுக்கச் சொல்லலாம். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டோம், ஒப்பந்தப்படி சரி என்று நாங்கள் அந்தக் காலத்தில் மார்தட்டுவோம், அது அங்கே எடுபடாது.

தகுதிகாண் காலத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனம், அப்போது முதலாளிக்கு உரிமை கூட, கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று காட்ட முடிந்தால்தான் வழக்கு நிற்கும். கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு: முடிந்துபோய்விட்டது என்று நினைக்காதீர்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா ராஜினாமா இல்லை, மறைமுகமாக வேலையை விட்டு நீக்கியதாகத்தான் எடுக்கலாம். ஆனால் விருப்பமில்லாமல் போட்டது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும், அதனால் எவ்வளவு சீக்கிரம் எழுதுகிறீர்களோ அவ்வளவு நல்லது, பதிவுத் தபாலில், போட்டோக்கொப்பி ஒன்று உங்களிடம். பேசீட், வட்ஸ்அப், லீவு அனுமதித்த ஈமெயில் எல்லாம் அன்றைக்கே உங்கள் சொந்தப் போனுக்கு எடுத்துவிடுங்கள், கம்பனி லப்டொப்பை மேலே போகும்போதே வாங்கிவிடுவார்கள், நான் வாங்கியிருக்கிறேன். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் தொழிற்சங்க ஆள் ஒருவர் உங்களுக்காக நியாயசபையில் பேசலாம். ஐந்து வருடம் முடித்தவர்கள் பணிக்கொடையை மறக்க வேண்டாம், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், விலகி முப்பது நாளுக்குள், நீங்களாக விலகினாலும் உண்டு. அதை ஏதோ தர்மம் தருவதுபோல் மேசையில் வைத்துப் பேரம் பேசினால் ஏமாறாதீர்கள், அது எப்படியும் உங்கள் காசு.

எல்லாவற்றையும்விட ஒன்று: ஆறு மாதம். நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும். கடலோரம், ஐந்து மாதம் என்றா எழுதியிருக்கிறீர்கள்? சரியான திகதி என்ன?

கொட்டாஞ்சேனை தம்பி

என் பெரிய அண்ணா பேலியகொடைப் பக்கம் ஒரு ஸ்டோரில் இருந்தார். சாமான் குறைந்தது என்று விசாரித்தார்கள். சிங்களத்தில் கேட்டு, சிங்களத்தில் எழுதி, கடைசியில் கையெழுத்து. அண்ணா சிங்களம் நன்றாகக் கதைப்பார், வாசிக்கத் தெரியாது. அந்தத் தாளின் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் கொடுத்தோம், குசினித் தரையில் இருந்து வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், நடுவில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். "மாமா, இதிலே நீங்கள் எடுத்ததை ஒத்துக்கொள்கிறேன் என்று இருக்கிறது." அண்ணா சொன்னது, கடைசியாகச் சாவி என்னிடம்தான் இருந்தது என்பது. அவ்வளவுதான் அவர் சொன்னது.

அண்ணா ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழும்பிப் போய்க் கை கழுவினார், திரும்பத் திரும்பக் கழுவினார்.

வழக்கு இன்னும் நடக்கிறது, அதனால் மேலே எழுத விரும்பவில்லை. ஆனால் தமிழில் வாசித்துக் காட்டாத எதிலும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். "எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை" என்று தமிழிலேயே பக்கத்தில் எழுதிவிட்டாவது போடுங்கள்.

வத்தளை அம்மா

நான் ஆறாம் மாதம். ஒப்பந்தத்தை நாலு முறை புதுப்பித்தவர்கள் ஐந்தாம் முறை "பிள்ளை பிறந்த பிறகு பார்ப்போம்" என்றார்கள். கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது என்று சட்டம் இருக்கிறது, 84 நாள் சம்பளத்தோடு லீவு இருக்கிறது. அதைத் தராமல் இருப்பதற்கு இது வழி. மனேஜர் சொல்லும்போது என் வயிற்றையே பார்த்துக்கொண்டு சொன்னார், அதைத்தான் மறக்க முடியவில்லை. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

கோட்டை ஸ்டுவர்ட்

ஆறு மாதக் கதை என்னுடையது. கோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டல். 2020இல் கொரோனாவுக்கு மூடினார்கள், சில மாதம் அந்தக் காலத்துக் கொரோனாச் சம்பள ஏற்பாட்டின்படி தந்தார்கள், அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது. பிறகு டிசம்பர் 31ஆம் திகதி போட்டு ஒரு கடிதம். போன் எடுத்துக் கேட்டால், "கடிதத்தைப் பெரிதாக எடுக்காதே, டூரிஸ்ட் வரத் தொடங்கினதும் முதலில் கூப்பிடுவது உன்னைத்தான்" என்று மனேஜர் சொன்னார். நல்ல மனுஷன் என்று நம்பினேன். ஜனவரியில் எயார்போட் திறந்தது. மாசி, பங்குனி, சித்திரை. போன் கையில்தான். யூனிபோமைக்கூட அயன் பண்ணித் தொங்கவிட்டிருந்தேன்.

ஆகஸ்ட்டில் திணைக்களத்துக்குப் போனேன். அந்த அதிகாரி கடிதத்தைப் பார்த்தார், கலண்டரைப் பார்த்தார், விரலால் ஒவ்வொரு மாதமாக எண்ணினார். ஆறில் விரல் நிற்கவில்லை. "ஏன் மகன் இவ்வளவு நாள்?" என்று கேட்டார். கூப்பிடுவார்கள் என்று இருந்தேன் சேர் என்றேன். பேப்பரை மடித்து என் கையில் வைத்தார்.

புறக்கோட்டை வியாபாரி

எச்ஆர் தங்கச்சி சொன்னது சரி, நான் அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. கடலோரம், மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. உங்கள் திகதி என்ன, அதைச் சொல்லுங்கள்.

கடலோரம் (வெள்ளவத்தை)

எல்லாவற்றையும் வாசித்துவிட்டு இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

போனைத் தேடினேன். "ஒருக்கா மேலே வாங்க" செய்தி இருக்கிறது, நேரத்தோடும் திகதியோடும். இன்னொன்று, அந்தக் கடிதத்தில் இருக்கிற திகதிக்குப் பத்து நாள் கழித்து அடுத்த மாதத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டிருக்கிறேன், அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு, அதே எச்ஆர் மிஸ் அனுமதித்துப் பதில் போட்டிருக்கிறார். முதல் மாதமே விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவளுக்கு அடுத்த மாத லீவை எப்படித் தருவார்கள்? அந்த ஈமெயிலின் கொப்பியை அம்மாவின் கிளினிக் புத்தகத்தோடு வைத்திருந்தேன், அதனால் தப்பியிருக்கிறது.

திங்கட்கிழமை போகப் போகிறேன். தனியாகப் போய்ப் பழக்கமில்லை, நாரஹேன்பிட்டியில் எங்கே முதலில் கேட்க வேண்டும்?

தெமட்டகொடை அண்ணா

மெஹெவர பியச, பெரிய கட்டடம், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். எட்டரைக்கு வாசலில் நிற்கிறேன் தங்கச்சி. அடையாள அட்டை, நியமனக் கடிதம், கடைசி மூன்று பேசீட், அந்த ஈமெயில், எல்லாவற்றிலும் இரண்டு கொப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்த முறை நான் கண்ணாடி கொண்டுவருவேன்.