கைவேலை கியூவா, சிஎன்சியா: பாயின்ட்டை வைத்துச் சொல்ல முடியுமா?

கேள்வி: நான்கு பாயின்ட் (பிடிப் பக்கத்திலிருந்து ஈட்டிபோல் மேலேறும் மரவேலை), அவற்றின் ஓரத்தில் வெனீர் (மெல்லிய வண்ண மரத் தகடு) உள்ள பழைய பூல் கியூ, அதாவது பில்லியர்ட்ஸ் வகை ஆட்டக் கோல், ஒன்று விலைக்கு வருகிறது. கைவேலையா என்று அறிய எதைப் பார்ப்பது?

பதில் 1: முதலில் பாயின்ட் நுனி. வி-பள்ளம் வெட்டி ஒட்டியதென்றால் ஊசியாக முடியும். சிஎன்சியில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) குடைந்து பதித்ததில் கட்டரின் வளைவு தங்கி நுனி லேசாக மழுங்கும். கத்தியால் கூராக்கியும் விடுவார்கள், அதனால் இது மட்டும் போதாது. லென்ஸில் வெனீர் நிறங்கள் நுனியில் இடைவெளியில்லாமல் கூடுகின்றனவா பாருங்கள். நான்கு நுனியும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் கடைசலில் மையம் விலகியிருக்கும், அல்லது பிற்காலத்தில் யாரோ பட் பகுதியை (கியூவின் தடித்த பிடிப் பாதி) திரும்பக் கடைந்திருப்பார்கள்.

பதில் 2: பெயர்பெற்ற அமெரிக்கக் கியூ கைவினைஞர் பலபுஷ்கா செய்தது என்று சொன்னால் உஷார். அவர் தொடக்கத்தில் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் பிளாங்க்கையும் (பாயின்ட் ஏற்கெனவே அமைந்த, பாதி முடிந்த பட்), பிற்பாடு பர்ட்டன் ஸ்பெயின், கஸ் ஸம்போட்டி செய்தவற்றையும் பயன்படுத்தினார். பாயின்ட்டை மட்டும் பார்த்து ஆளைச் சொல்வது வீண்வேலை. ஷாஃப்ட் (மெல்லிய முன்பாதி), பட் இரண்டையும் தனித்தனியாகவும், ஒன்றாக மாட்டியும் உருட்டுங்கள். இரண்டும் தனியாக நேராக ஓடி, மாட்டிய பின் ஆடினால் கோளாறு பெரும்பாலும் அவை சேரும் ஜாயின்ட்டில்.