ஓய்வுப் பணம், பி.எஃப்., வாரிசுப் பணம்: மறக்க முடியாத ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

வைகைக்கரையான்

நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்த அப்பா 58 வயதில் ஓய்வு பெற்றார். கிராஜுவிட்டியும் பி.எஃப். தொகையும் கணக்கில் ஏறிய மறுநாளே, மேலாளர் பார்க்க விரும்புகிறார் என்று வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. டெபாசிட் போடத்தான் போனோம். ஆதார் நகல் எடுத்து வரும்படி என்னை வெளியே அனுப்பினார்கள். நான் திரும்பி வந்தபோது அப்பா கடைசிக் கையெழுத்தில் இருந்தார். கையெழுத்திட வேண்டிய இடங்களிலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். அப்பாவின் மூக்குக்கண்ணாடி சட்டைப்பையை விட்டு வெளியே வரவே இல்லை. "டெபாசிட் மாதிரிதான் சார், வட்டி மட்டும் கூடுதல்" என்றார் அந்த அதிகாரி. இப்போது பத்திரம் வீட்டுக்கு வந்திருக்கிறது. அது யூலிப், அதாவது பங்குச்சந்தையோடு இணைந்த காப்பீடு. ஆண்டுக்கு 5 லட்சம் வீதம் ஐந்து ஆண்டுகள் கட்ட வேண்டுமாம். சம்பளம் நின்றுபோன ஒரு மனிதரிடம் இதை எப்படி நீட்ட மனம் வந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பழி முழுவதையும் அந்த அதிகாரிமேல் போடுவதை நான் ஏற்கவில்லை. நான் கவுன்ட்டரில் இருந்த காலத்தில், ஓய்வுப் பணத்தைக் காசோலையாக எடுத்து வந்த ஓர் ஆசிரியர் விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்து, சந்தேகங்களைக் கேட்டு, மறுநாள் மனைவியுடன் வந்துதான் கையெழுத்திட்டார். எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். பத்திரம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. காரணத்தை எழுதிக் காப்பீட்டு நிறுவனத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். சிறு பிடித்தம் போக மீதி வந்துவிடும். மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அந்தக் கெடுவைத் தவறவிட்டால், தவணையை நிறுத்தினாலும் ஐந்து ஆண்டுகள் முடியும்வரை பணம் கைக்கு வராது. திரும்பி வரும் பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். அதற்கு 60 வயது ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பணி ஓய்வு பெற்றவர் 55 வயதைக் கடந்திருந்தால், ஓய்வுப் பணம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் அதில் சேரலாம். உச்சவரம்பு 30 லட்சம். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை வரும். வங்கி டெபாசிட்டுக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

திருப்பூர் இ-சேவை

அஞ்சல் ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்கிறீர்கள். படிவமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. என் மையத்துக்குப் பனியன் கம்பெனிப் பெண்கள் பி.எஃப். எடுக்க வருவார்கள். மகளின் மஞ்சள் நீராட்டுக்காக ஓர் அக்கா வந்தார். இதற்கு முன் வேலை மாறியபோதெல்லாம் படிவம் 19-ஐயும் 10சி-யையும் சேர்த்தே போட்டு எடுத்திருக்கிறார். 19 சேமநிதிக்கு, 10சி ஓய்வூதியப் பங்குக்கு. இரண்டும் வேறு வேறு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால் அதுவரை உழைத்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். பத்து ஆண்டுகள் சேர்ந்தால்தான் 58 வயதில் மாதாமாதம் ஓய்வூதியம் வரும். இதை நான் விளக்கியதும், "அப்ப நான் இத்தனை வருசம் தைச்சது?" என்று கேட்டார். பின்னால் வரிசை நின்றதால் பேச்சை நீட்ட முடியவில்லை. அன்று 19-ஐ மட்டும் போட்டு அனுப்பினேன்.

காவிரித் தங்கை

என் அண்ணன் முப்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனார். அண்ணி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வங்கியில் நின்றபோது, அலுவலர் கணினியைப் பார்த்து, "நாமினி உங்கள் மாமனார்" என்று சொன்னார். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய டெபாசிட். நாமினியின் பெயரை அண்ணன் பிறகு மாற்றவே இல்லை. நாமினி பணத்தைப் பெற்றுத் தரும் பொறுப்பாளர் மட்டுமே என்பதும், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள், தாய் ஆகியோரே முதல் உரிமையாளர்கள் என்பதும் அப்பாவுக்குத் தெரியவந்து, அவரே முன்னின்று வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பிரித்துக் கொடுத்தார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது. பி.எஃப்.பில் திருமணத்துக்கு முன் செய்த நியமனம் தானாகவே செல்லாமல் போய்விடும். வங்கியில் அப்படி இல்லை. அந்த ஒரு நொடியில் அண்ணி திரும்பி அப்பாவைப் பார்த்த பார்வை என்னை இன்னும் விடவில்லை.

வைகைக்கரையான்

அஞ்சல் ஐயா, நன்றி. கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். 30 நாள் கெடுவுக்குள்தான். அப்பாவை நேரில் வந்து பேசும்படி வங்கியிலிருந்து அழைக்கிறார்கள். எழுத்தில் கொடுத்த பிறகும் நேரில் போயாக வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவரை மறுபடியும் அந்த மேசைமுன் உட்காரவைக்க எனக்கு விருப்பமில்லை.