மாம்பழ கேக்: மேலே சிவக்குது, நடுவுல அமுங்கி அடியில களியா நிக்குது, ஏன்?

புதுவயல் சமையல்கட்டு:
மைதா 200 கிராம், சர்க்கரை 150, வெண்ணெய் 100, முட்டை 2, பங்கனபள்ளி கூழ் 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன். 7 இன்ச் வட்ட டின், சின்ன ஓடிஜி (கரண்ட் அவன்), 180 டிகிரி, 35 நிமிஷம். மேலே நல்லா சிவந்து வருது. வெளியே எடுத்ததும் நடு அமுங்கிடுது. வெட்டினா அடியில ஒரு விரல் தடிமனுக்கு களி மாதிரி ஈரம், லேசா சோப்பு வாடை. மாவைக் கூட்டணுமா, நேரத்தைக் கூட்டணுமா?

தேவகோட்டை அடுப்படி:
முதல்ல தண்ணியைக் குறைங்க. பழுத்த மாம்பழத்துல நூத்துக்கு 80-க்கு மேல தண்ணிதான். உங்க கூழ்ல மட்டும் சுமார் 200 கிராம், முட்டை ரெண்டுல இன்னும் 75. 200 கிராம் மைதா இதைத் தாங்காது. மாவைக் கூட்டினா ஈரம் அடங்கும், ஆனா பழ வாசமும் அடங்கிடும்.

கூழை அடிகனமான பாத்திரத்துல, சின்னத் தீயில, கிளறிக்கிட்டே 150 கிராமுக்குச் சுண்ட வைங்க. 15–20 நிமிஷம் ஆகும். மரக்கரண்டியால பாத்திரத்து அடியில கோடு இழுத்தா, அது உடனே மூடாம ரெண்டு விநாடி நிக்கணும். வெறும் பாத்திரத்தோட எடையை முன்னாடியே குறிச்சு வச்சா சந்தேகமே வராது. தண்ணிதான் போகும், பழத்தோட இனிப்பு அப்படியே இருக்கும். அதனால சர்க்கரை 120 போதும். கூழ் முழுசா ஆறணும். வெதுவெதுப்பா சேர்த்தா வெண்ணெய் உருகி, அடிச்சு ஏத்தின காத்தெல்லாம் போயிடும்.

சோப்பு வாடை சோடாவால வர்றது. நல்லா பழுத்த பங்கனபள்ளியில புளிப்பு ரொம்பக் கம்மி. அரை டீஸ்பூன் சோடா வேலை செய்யப் புளிப்பு பத்தாம மிச்சம் நிக்குது. போதாததுக்கு மாவு அளவுக்கு மீறிப் பொங்கி, வெந்து இறுகறதுக்குள்ள குமிழ் உடைஞ்சு அமுங்குது. சோடா ஒரு சிட்டிகை, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன்.

பள்ளத்தூர்:
மேலே சொன்னதோட சூட்டையும் பாருங்க. சின்ன ஓடிஜில மேல் கம்பி டின்னுக்கு ரொம்பப் பக்கம். மேல்தோல் சிவந்ததை வச்சு உள்ளே வெந்துடுச்சுன்னு எடுக்கக் கூடாது. 165 டிகிரி, 45–50 நிமிஷம், கீழ்த் தட்டு. 30 நிமிஷம் வரை கதவைத் திறக்காதீங்க. சிவப்பு ஏறிட்டா அதுக்கப்புறம் அலுமினியத் தாளைத் தளர்வா மேலே போடுங்க. குச்சியை நட்டநடுவுல குத்திப் பாருங்க, ஓரத்துல குத்தினா ஏமாத்தும்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்குற தெருவா இருந்தா காலையில பேக் பண்ணுங்க. 230 வோல்ட் 200 ஆனா கம்பி தர்ற சூடு ஏறக்குறைய கால்வாசி குறையும். நேரக் கணக்கு பொய்யாகறது அதனாலதான்.

சித்திரை, வைகாசி அடுப்படிச் சூட்டுல வெண்ணெய் எண்ணெயாயிடும். விரலால அழுத்தினா பள்ளம் விழணும், விரல்ல பளபளன்னு ஒட்டக் கூடாது. ஒட்டினா பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு அப்புறம் அடிங்க.

புதுவயல் சமையல்கட்டு:
நன்றி ஆச்சி, நன்றி பள்ளத்தூர். கருப்பு கவுனி அரிசி மாவு கலக்கலாமா? பங்கனபள்ளி முடிஞ்சா வேற எந்தப் பழம்?

கானாடுகாத்தான் கவுனி:
கலக்கலாம், கால் பங்குக்கு மேல வேண்டாம். 150 மைதா, 50 கவுனி. மாவைப் பிடிச்சு நிறுத்துற க்ளூட்டன் கவுனில கிடையாது, பாதிக்குப் பாதி போட்டா துண்டு போடும்போதே உதிரும். அரிசியைக் கழுவி, நிழல்ல உலர்த்தி, அரைச்சு, ரெண்டு தடவை சலிங்க. குருணை இருந்தா பல்லுல நறநறங்கும். அந்த 50 கிராமை ஆறின மாம்பழக் கூழ்ல அரை மணி நேரம் ஊற வச்சு அப்புறம் சேருங்க. மாவும் மெத்துன்னு ஆகும், மிச்ச ஈரத்தையும் குடிச்சுக்கும். பேக்கிங் பவுடரை இந்த ஊறல்ல கலந்துடாதீங்க, மைதாவோட சலிச்சு கடைசியிலதான் போடணும். கவுனி போட்டா சோடா சிட்டிகையும் வேண்டாம். கவுனியோட ஊதா நிறம் சோடாவோட காரத்தன்மை பட்டா நீலம் பாஞ்ச சாம்பலா மாறிடும்.

வேற பழம்னா, சீசன் கடைசியா வர்றது நீலம் மாம்பழம், வாசம் தூக்கும். செந்தூராவுல நார் இருந்தா, கூழைச் சல்லடையில தேய்ச்சு வடிச்சுட்டுச் சுண்ட வைங்க. கிளிமூக்குல புளிப்பு உண்டு, அதுக்கு மட்டும் சோடா கால் டீஸ்பூன் வரை தாங்கும், கவுனி கலக்காத கேக்கா இருந்தா. எந்தப் பழமானாலும் இந்த வெயில்ல கேக் வெளியே ஒரு நாள்தான். அப்புறம் காத்துப் புகாத டப்பாவுல ஃப்ரிட்ஜ், நாலு நாள் வரை.