மின்விசிறிக் கண்டன்சர் எதைத் தேக்கி வைக்கிறது?

மாடிவீடு (கேள்வி)

மதுரையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே ஒரு வாடகை வீடு. ஒரு மாதமாக ஹால் மின்விசிறி ரெகுலேட்டரை 5-ல் வைத்தாலும் 2-ல் ஓடுவது போலத்தான் ஓடியது. நேற்று எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். ஏணியில் ஏறி மேல் கிண்ணத்தை இறக்கி, "கண்டன்சர் வீக் தம்பி" என்றார். பத்தே நிமிடம், வேலை முடிந்தது. இப்போது சுவரில் மாட்டிய காலண்டர் படபடக்கிறது.

பழையதைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி, இரண்டு ஒயர். மேலே 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்), 440 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இணைத்தட்டு மின்தேக்கிக்கு (இதே கண்டன்சர்தான்) வாய்பாடு வருவித்து மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் இதைக் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

இரண்டு தட்டுக்கு நடுவே காப்புப் பொருள் என்றால், அது அறுந்த ஒயர் மாதிரிதானே? அதன் வழியாக எப்படி மின்சாரம் போகிறது? மின்சாரத்தைத் தேக்கி வைக்கிறது என்றால், சுவிட்சைப் போட்டதும் 230 வோல்ட் வந்துகொண்டே இருக்கும்போது எதற்குத் தேக்க வேண்டும்? அப்புறம், 230 வோல்ட் வீட்டில் 440 எதற்கு?

காயில்கடை

தம்பி, பொள்ளாச்சிப் பக்கம் 22 வருடமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். வாய்பாடு சரியாக வராது, மோட்டார் வரும்.

முதலில் "தேக்கி வைக்கிறது" என்பதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மின்விசிறியில் அதன் வேலை சேமிப்பு இல்லை. தாளத்தைத் தள்ளிப் போடுவதுதான்.

உங்கள் வீட்டுப் பாட்டி திருகையில் உளுந்து உடைத்ததைப் பார்த்திருக்கிறீர்களா? கைப்பிடியை ஒருவர் நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் மட்டும் ஆட்டினால் கல் சுற்றாது. எந்தப் பக்கம் போவது என்று அதற்குத் தெரியாது, அங்கேயே அதிரும். பக்கவாட்டில் இன்னொருவர் உட்கார்ந்து, முதல் ஆள் தள்ளி முடிக்கும் நேரத்தில் அவர் தள்ள ஆரம்பித்தால் கல் சுற்ற ஆரம்பித்துவிடும். இருவரும் ஒரே நொடியில் தள்ளினால் மறுபடியும் அதிர்வுதான். தாளத்தில் கால் பங்கு முன்பின் இருக்க வேண்டும்.

மின்விசிறிக்குள்ளும் இரண்டு காயில் (கம்பிச் சுருள்): ரன்னிங், ஸ்டார்ட்டிங். இரண்டுக்கும் ஒரே லைனிலிருந்து கரண்ட் கொடுத்தால் ஏறக்குறைய ஒரே தாளத்தில்தான் இழுக்கும். ஸ்டார்ட்டிங் காயிலோடு வரிசையாக இந்தக் கண்டன்சரைச் சேர்த்தால் அந்தக் காயிலின் கரண்ட் முந்திக்கொள்ளும். திருகைக்கு இரண்டாவது ஆள் கிடைத்தாயிற்று.

கண்டன்சர் செத்த மின்விசிறியைப் பார்த்தால் இது விளங்கும். சுவிட்சைப் போட்டால் "ம்ம்" என்று முனகும், சுற்றாது. குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் மெதுவாகச் சுற்றும். (ஏணியில் நின்று கையால் தள்ள வேண்டாம். ஒருவர் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார்.)

அறுந்த ஒயர் கேள்விக்கு வருவோம். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன் மேல் ஆவியாக்கிப் படியவைத்த உலோகப் பூச்சு. அப்படி இரண்டு படலத்தைச் சேர்த்துப் பாய் மாதிரிச் சுருட்டியிருப்பார்கள். அந்தப் பிளாஸ்டிக்கைத் தாண்டிக் கரண்ட் போவதில்லை, நீங்கள் நினைத்தது சரி. ஆனால் நம் வீட்டு லைன் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒரு தட்டு நிரம்பும், மற்றது காலியாகும், அடுத்த பாதியில் தலைகீழ். தட்டை நிரப்பவும் காலி செய்யவும் ஒயரில் கரண்ட் ஓடித்தானே ஆக வேண்டும்? அந்த ஓட்டம்தான் காயிலுக்கு வேலை. ஒரே திசையில் ஓடும் டிசி கொடுத்தால் ஒரு முறை நிரம்பும், அதோடு சரி.

ஏன் முந்துகிறது என்பதற்குத் தண்ணீர்த் தொட்டி போதும். அடியிலிருந்து குழாய் வழியாகத் தொட்டியை நிரப்புங்கள். காலியாக இருக்கும்போது தண்ணீர் வேகமாகப் பாயும், மட்டம் ஏற ஏறப் பாய்ச்சல் குறையும். பாய்ச்சல் முதலில், மட்டம் பிறகு. பாய்ச்சல் என்பது கரண்ட், மட்டம் என்பது வோல்டேஜ். காயிலில் இதற்கு நேர் எதிர், அங்கே கரண்ட் பிந்தி வரும்.

440 ஏன் என்றால், 230 என்பது சராசரிக் கணக்கு மாதிரி. அலையின் உச்சியில் 325 வோல்ட் வரை போகும், ஆனால் பெட்டியில் போட்ட 440 ஏசியும் அதே சராசரிக் கணக்குதான், அதனால் உச்சி காரணமில்லை. கண்டன்சரும் காயிலும் வரிசையில் இருப்பதால், கண்டன்சரின் இரண்டு முனைக்கு நடுவில் லைனை விட அதிக வோல்டேஜே நிற்கும். மீட்டர் வைத்தால் தெரியும்.

மாடிவீடு

அண்ணே, திருகை மனதில் உட்கார்ந்துவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். மின்விசிறி ஒரே நாளில் நிற்காமல் ஒரு மாதமாக மெல்ல மெல்ல ஏன் வேகம் குறைந்தது? அப்புறம், 2.5-க்குப் பதிலாக 3.15 போட்டால் இன்னும் காற்று வருமா? கடையில் அதுவும் இருந்தது.

சாக்பீஸ்

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிறேன். காயில்கடை அண்ணன் சொன்ன திருகையை அடுத்த வாரம் வகுப்பில் திருடப் போகிறேன்.

மெல்லக் குறைவதற்குக் காரணம் அந்த உலோகப் பூச்சுதான். லைனில் வோல்டேஜ் எகிறும்போது படலத்தில் எங்காவது பலவீனமான இடத்தில் பொத்தல் விழும். உடனே அந்தப் பொத்தலைச் சுற்றியிருக்கும் பூச்சு ஆவியாகி, அந்த இடம் தனித்தீவாக ஒதுங்கிவிடும். ஷார்ட் ஆகாமல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆறலிலும் தட்டின் பரப்பு துளி குறைகிறது. நீங்கள் வருவித்த வாய்பாட்டில் பரப்பு மேலே இருக்கும், நினைவிருக்கிறதா? பரப்பு குறைந்தால் கெபாசிட்டன்ஸும் (தேக்கும் திறன்) குறையும். 2.5 மைக்ரோஃபாரடுக்கு 50 ஹெர்ட்ஸில் மின்மறுப்பு (ஏசி ஓட்டத்துக்கு அது காட்டும் தடை) ஏறக்குறைய 1,273 ஓம். அது 1.4-க்கு இறங்கினால் 2,270 ஓமைத் தாண்டும். இரண்டாவது ஆளின் கை தளர்ந்துபோகும். மொட்டை மாடிக்குக் கீழே கொதிக்கும் கூரையை ஒட்டி அது தொங்குவதும் ஆயுளைக் குறைக்கும்.

ஒரே ஒரு மறுப்பு: "சேமிப்பு இல்லை" என்பதை மின்விசிறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அண்ணே. செல்போன் சார்ஜருக்குள் ஏசி டிசியாக மாறும்போது அலைக்கு நடுவே பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்புவது உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிடிக் மின்தேக்கிதான். கேமரா ஃபிளாஷில் நொடிக்கணக்கில் நிரப்பியதைக் கண் சிமிட்டும் நேரத்தில் கொட்டுவதும் அதுவே. 1745, 46-ல் முதல் மின்தேக்கியான லெய்டன் ஜாடியைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டவர்கள் அது தேக்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள். "கண்டன்சர்" என்ற பெயரே இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா 1782-ல் வைத்த பெயரிலிருந்து வந்தது. பாடப்புத்தகம் கெபாசிட்டருக்கும் மின்தேக்கிக்கும் மாறிவிட்டது. ஒர்க்ஷாப் இன்னும் வோல்ட்டா பக்கம்தான்.

இன்னொன்று: உங்கள் ரெகுலேட்டர் படிப்படியாக 'டக் டக்' என்று திருகும் புது வகை என்றால், அதற்குள்ளும் இதே கண்டன்சர்கள்தான். வரிசையில் நின்று மின்விசிறிக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கின்றன. பழைய பெரிய ரெகுலேட்டர் சூடாகுமே, அதில் மின்தடை ஒயர் இருந்தது. இது சூடாகாது. 5-ல் வைத்தால் நேர் இணைப்பு.

காயில்கடை

வாத்தியார் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஜாடி கதை தெரியாது, ஆனால் ஷாக் வாங்கியிருக்கிறேன்.

3.15 வேண்டாம் தம்பி. அந்த மதிப்புக்கென்றே காயில் கட்டிய மின்விசிறிகள் உண்டு, அதற்குத்தான் அது. 2.5-க்குக் கட்டியதில் போட்டால் காற்று கொஞ்சம் கூடலாம். ஸ்டார்ட்டிங் காயிலில் கரண்டும் கூடும், சூடும் கூடும். அடுத்த கோடையில் என் மாதிரி ஒருவரிடம் வருவீர்கள். பழையதில் என்ன எண் இருக்கிறதோ அதையே போடுங்கள்.

ஒயர் மாறினாலும் வம்புதான். ஒரு வீட்டில் "புது கண்டன்சர் போட்டும் காற்றே இல்லை, ஆனால் நல்ல வேகம்" என்றார்கள். போய்ப் பார்த்தால் மின்விசிறி தலைகீழாகச் சுற்றி, கூரைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மாட்டியவர் ரன்னிங் காயிலோடு கண்டன்சரைச் சேர்த்துவிட்டார். எந்தக் காயில் முந்துகிறதோ அதுதான் திசையைத் தீர்மானிக்கும்.

தென்னந்தோப்பு

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். வீட்டுக் கிணற்றில் 1 எச்.பி. சப்மெர்சிபிள் பம்பு, பேனலில் இரண்டு கண்டன்சர் இருக்கிறது. ஒன்று 36 எம்எஃப்டி, இன்னொன்று 120. பெரியது போன வாரம் டப்பென்று வெடித்துப் பேனல் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. சின்னது நன்றாக இருக்கிறது. பெரியதுதானே பலமாக இருக்க வேண்டும்?

தோட்டத்தில் மும்முனை (த்ரீ ஃபேஸ்) மோட்டாரும் உண்டு. லைனில் இருமுனை (இரண்டு ஃபேஸ்) மட்டும் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு ஓட்டலாம் என்கிறார்கள். செய்யலாமா?

காயில்கடை

அண்ணே, 36 ஓட்டத்துக்கு, 120 எழுப்புவதற்கு. மோட்டார் ஓடும் வரை 36 லைனிலேயே இருக்கும். அது உங்கள் மின்விசிறியில் இருப்பது போன்ற பிளாஸ்டிக் படலம். 120 எலெக்ட்ரோலிடிக், ஒரு சில நொடி வேலைக்கு மட்டும் செய்தது. பச்சைப் பட்டனை அழுத்தும் நேரம் மட்டும்தான் அது உள்ளே இருக்க வேண்டும். உங்கள் பட்டன் விட்ட பிறகும் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கும். அதைச் சரி செய்யாமல் புது கண்டன்சர் போட்டால் அதுவும் வெடிக்கும். பட்டன் காண்டாக்டைக் கழற்றிப் பாருங்கள், கருகியிருக்கும்.

கை வைக்கும் முன் ஒன்று. மெயினை அணைத்தாலும் கண்டன்சர் நிரம்பியபடியே இருக்கலாம். இங்கேதான் வாத்தியார் சொன்ன சேமிப்பு வேலை செய்யும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுகிறவர்கள் உண்டு. நானும் சின்ன வயதில் செய்தேன், முனை உருகிய அந்த டிரைவர் இன்னும் கடையில் தொங்குகிறது. ஹோல்டரில் ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டி, அதன் இரண்டு ஒயரையும் கண்டன்சர் முனைகளில் சில நொடி வையுங்கள். அமைதியாக இறங்கிவிடும்.

இருமுனையில் மும்முனை மோட்டார்: ஓடும். இல்லாத மூன்றாவது முனைக்குப் பதிலாகக் கண்டன்சர் ஒரு பொய் முனையை உண்டாக்கும். அதே திருகை வித்தைதான். ஆனால் தண்ணீர் மட்டம் மாறினால் லோடு மாறும், கண்டன்சர் மதிப்பு மாறாது. மூன்று காயிலும் சமமாக இழுக்காது, ஒன்று மட்டும் காயும். எரிந்துபோய் என் கடைக்கு வரும் தோட்டத்து மோட்டார்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். எனக்கு வருமானம், உங்களுக்குச் செலவு. டிரான்ஸ்ஃபார்மரில் அந்த இரண்டு முனையும் சுமையால் தவிக்கும், பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார். மும்முனை வரும் நேரத்துக்குத் தொட்டி கட்டி நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாடிவீடு

நண்பனின் மல்டிமீட்டரில் பழைய பெட்டியை வைத்துப் பார்த்தேன். 1.38 காட்டுகிறது.

இதைப் பார்த்த அம்மா, சமையலறையில் கிரைண்டரும் நாலு நாளாக முனகுவதாகவும், கல்லைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால்தான் ஓடுவதாகவும் இப்போதுதான் சொல்கிறார்கள். நாளைக்கு அதன் அடிமூடியைக் கழற்றப் போகிறேன். பிளக்கை உருவிவிட்டு, குண்டு பல்போடு.

காயில்கடை

கல்லைத் தூக்கி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் எண்ணைப் படம் பிடித்துப் போடுங்கள், கடைக்குப் போகும் முன் நான் ஒரு பார்வை பார்க்கிறேன்.